80களில் தொடங்கிய ஆர்கெஸ்ட்ராவை நம்பி திருவிழா மெயின் கச்சேரியைக் கொடுக்கலாமா?

மந்தைத்திடல்:

மேலூர்ப் பக்கம் அம்மன் கோயில் பங்குனித் திருவிழா. செவ்வாய் பொங்கல், புதன் கிடாவெட்டு, சாயங்காலம் முளைப்பாரி, வியாழன் மஞ்சள் நீராட்டு. மூணு ராத்திரியும் மந்தையில மேடை இருக்கு. முதல் நாள் பட்டிமன்றம், ரெண்டாம் நாள் வள்ளி திருமணம் நாடகம்னு பேச்சு. வியாழக்கிழமை மெயின் கச்சேரி யாருக்குங்கிறதுலதான் கமிட்டி ரெண்டா நிக்குது.

பெரியவங்க கேக்கிறது, 80கள் கடைசியில ஆரம்பிச்ச ஒரு மதுரை இன்னிசைக் குழு. பேர் வேணாம், இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச குழுதான். முன்னாடி பாடுறவங்க ரெண்டு பேருக்கும் 60 தாண்டிருச்சு. இளவட்டங்க டிவி பாட்டுப் போட்டியில வந்த ரெண்டு பேரைக் கூப்பிட்டு ட்ராக் (பதிவு பண்ணின பின்னணி இசை) போட்டுப் பாட வைக்கலாம், இல்லாட்டி டிஜே வைக்கலாம்ங்கிறாங்க.

மந்தையில தரையில உக்காந்தா 2,500 பேர் கொள்ளும். தலைக்கட்டு வரிக் காசு, அதனால நாளைக்கு நாலு பேர் கேள்வி கேப்பாங்க. 10 மணிக்கு மைக்கை நிறுத்தணும்னு ஸ்டேஷன்ல இப்பவே சொல்லிட்டாங்க. பழைய குழு இந்த மேடையைத் தாங்குமா? தாங்கும்னா என்னென்ன கேட்டுப் பேசி முடிக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒன்றரைக்கட்டை:

தாங்கும் தம்பி. ஆனா பிளக்ஸ்ல இருக்கிற பேரைப் பாத்து அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. முதல்ல கேக்க வேண்டியது, "எந்தெந்தப் பாட்டை எத்தனை கட்டை (சுதி அளவு) இறக்கிப் பாடுறீங்க?"

60 தாண்டின குரல்ல முதல்ல போறது மேல் ஸ்தாயி. டி.எம்.எஸ்., மலேசியா வாசுதேவன் பாட்டெல்லாம் மேலேயே நின்னு பாடுற பாட்டு. அதனால குழுக்கள் சத்தமில்லாம ஸ்கேலை இறக்கிடுவாங்க. அது தப்பில்ல. அரைக்கட்டை இறக்கினா மந்தையில ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு கட்டை இறக்கினா பாட்டு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். அதுக்கும் கீழ போனா பல்லவியோட கீழ்ச்சுரம் தொண்டையிலேயே நின்னுடும், மைக்ல காத்துதான் வரும். டூயட்ல இன்னும் மோசம். ஆண் குரலுக்காக இறக்கினது பெண் குரலோட பாதியைத் தரையில தள்ளிடும்.

ஸ்கேலை இறக்குறது பாடகரோட முடியற வேலையும் இல்ல. புல்லாங்குழல்காரருக்கு அந்தக் கட்டைக்குத் தனிக் குழல் வேணும். முழு செட் வச்சிருக்கிறவர்னா எடுத்து மாத்திக்குவார், நாலு குழலோட வர்றவர் அந்தப் பிட்டை கீபோர்டுக்குத் தள்ளி விட்டுடுவார். நாலு தந்தி பேஸ் கிட்டார்ல அடித்தந்தி ஈ. ஈ ஸ்கேல் பாட்டை டி-க்கு இறக்கினா பேஸ்காரர் ஒரு ஸ்தாயி மேல ஏத்தித்தான் வாசிக்கணும், பாட்டுக்கு அடிவயிறே இல்லாமப் போயிடும். அஞ்சு தந்தி பேஸ் இருக்கான்னு கேளுங்க. லீட் கிட்டாருக்கு கேப்போ (தந்தியை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) உதவாது, அது ஏத்தத்தான் செய்யும். தபேலாவை ஒவ்வொரு பாட்டுக்கும் சுதி சேத்துக்கிட்டு இருக்க முடியாது, அதனால ரெண்டு மூணு வலந்தரை (வலது கைத் தபேலா) கொண்டு வர்றாங்களான்னு பாக்கணும்.

கீபோர்டுல ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கினா முடிஞ்சுதுன்னு சில பேர் நினைக்கிறாங்க. இடையிசைக்காக விசைக்கு விசை சாம்பிள் ஏத்தி வச்சிருந்தா, பல கீபோர்டுகள்ல ட்ரான்ஸ்போஸ் பண்ணினதும் அந்த விசைகளும் சேந்து நகரும். சலங்கைச் சத்தம் வர வேண்டிய இடத்துல கோரஸ் பிடிச்சுக்கும். ஒழுங்கான குழு இறக்கின ஸ்கேலுக்குன்னே தனி பேட்ச் சேமிச்சு வச்சிருக்கும். "எத்தனை கீபோர்டு, இறக்கின ஸ்கேலுக்குத் தனியா புரோகிராம் இருக்கா?"ன்னு கேட்டாலே, எதிர்ல பேசுறது வாசிக்கிற ஆளா ஏஜெண்டான்னு தெரிஞ்சிடும்.

அடுத்தது நேரம். ஏழே முக்காலுக்கு ஆரம்பிச்சு 10க்கு முடிச்சா 135 நிமிசம். பாட்டு ஒண்ணுக்கு நாலரை நிமிசம், 24 பாட்டுன்னா 108. மிச்சம் 27 நிமிசம்தான் அறிவிப்புக்கும் மூச்சு விடுறதுக்கும். பழைய குழுக்கள் பாட்டுல தோக்கிறதை விட பாட்டுக்கு நடுவுல தோக்கிறதுதான் அதிகம். நாலு மணி நேரக் கச்சேரிக் காலத்துப் பழக்கம் அது. ஒவ்வொரு பாட்டுக்கும் அறிவிப்பாளர் ரெண்டு நிமிசம் பேசுவார், அதுக்குள்ள இளவட்டம் எந்திரிச்சுப் பரோட்டாக் கடைக்குப் போயிடும். இப்ப முடியற தாளத்துலேயே அடுத்த பாட்டை எடுத்துக் கோத்துடணும். பாட்டு வரிசையை எழுதி முன்கூட்டியே வாங்குங்க. உச்சத்துல பாடுற பாட்டு ரெண்டுக்கு மேல அடுத்தடுத்து வரக்கூடாது. நடுவுல ஒரு பெண் பாடகி பாட்டோ ஒரு வாத்திய இசையோ இருக்கணும். கஷ்டமான பாட்டு முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடணும், 15 பாட்டுக்கு அப்புறம் அந்தத் தொண்டையைக் கேக்கிறது நியாயமில்ல. கடைசி அரை மணி தாளத்துக்குன்னு வச்சுடுங்க. ரெண்டு இளம் பாடகர்கள் குழுவுலேயே இருந்தா அவங்க கையில.

ட்ராக் போட்டுப் பாடுறவங்களுக்கும் லைவ் குழுவுக்கும் வித்தியாசம் எங்க தெரியும்னா, நடுவுல சாமி மந்தையைக் கடக்கும்போது. லைவ் குழு அந்த நிமிசமே நிறுத்தி, கடந்ததும் அதே சரணத்துல எடுக்கும். கூட்டம் எந்திரிச்சு ஆடினா தாளத்தை எட்டு சுத்து கூட ஓட்டும். ட்ராக்கை நிறுத்தி அதே சரணத்துல சுத்தமா எடுக்கிறது கஷ்டம். 2,500 பேர் மேடைக்கு இது சின்ன விசயம் இல்ல.

சேனல்32:

மேல உள்ள அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனா அந்த தபேலாவும் பேஸும் கூட்டத்துக்குக் கேக்கணுமே? பழைய குழு தோத்துப் போச்சுன்னு பேர் வாங்குற கச்சேரிகள்ல பாதி மைக்செட்டால தோத்தது.

கணக்கு போட்டுப் பாருங்க. பாடகருக்கு நாலு கார்ட்லெஸ், ரெண்டு ஒயர் மைக் ஸ்பேர், ஆக 6. ரெண்டு கீபோர்டு ஸ்டீரியோ, 4. ஆக்டோபேட் 2. டிரம்ஸ் 8. தபேலா 2, ட்ரிபிள் காங்கோ 3, டோலக் 2. பேஸ், கிட்டார், புல்லாங்குழல் தலைக்கு ஒண்ணு. அறிவிப்பாளருக்கு ஒண்ணு. கூட்டினா 31. பெரிங்கர் எக்ஸ்32 மாதிரி 32 மைக் இன்புட் உள்ள டிஜிட்டல் மிக்சர்ல ஒரு ஓட்டைதான் மிச்சம். ஊர் மைக்செட்டுக்காரர் 16 சேனல் மிக்சரோட வந்தா என்ன பண்ணுவார்? டிரம்ஸுக்கு ரெண்டு மைக், தாள வாத்தியம் எல்லாத்துக்கும் சேத்து ரெண்டு. அப்புறம் 14 பேர் உக்காந்து வாசிச்சாலும் கேக்கிறது ரெண்டு கீபோர்டும் குரலும்தான். அதுக்கு ட்ராக்கே போட்டுடலாம். ட்ராக் கோஷ்டிக்கு ஆறு சேனல் போதும், அதனாலதான் அவங்க எந்த ஊர் செட்டுலயும் பளிச்சுன்னு கேக்கிறாங்க.

ஸ்டேஜ் மானிட்டர் (மேடையில இருக்கிறவங்களுக்கே கேக்க வைக்கிற பெட்டி) அதை விட முக்கியம். வயசானவங்களுக்குத் தன் குரல் தனக்குக் கேக்கலைன்னா கத்துவாங்க, எட்டாவது பாட்டுல தொண்டை கட்டிடும். முன்னாடி ஒரு வரிசை மானிட்டர் மட்டும் பத்தாது. பாடகருக்கு ரெண்டு, தாளத்துக்கு ஒண்ணு, கீபோர்டுக்கு ஒண்ணுன்னு குறைஞ்சது நாலு தனி மிக்ஸ் கேளுங்க. மானிட்டரைக் கூட்டக் கூட்டக் கூவல் வரும். அப்ப பாஸ் பெட்டியைக் குறைக்கிறதுல பிரயோஜனம் இல்ல. கூவுற அலைவரிசையை மட்டும் ஈக்யூல மூணு டெசிபல், ஆறு டெசிபல்னு வெட்டணும். மைக் தலையைக் கையால மூடிப் பிடிச்சாலும் கூவும். அதைப் பாடகர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும்.

மந்தைக்கு ஒரு பக்கத்துக்கு ஆறு டாப் பெட்டி, நாலு இரட்டை 18 இன்ச் பாஸ் பெட்டி போதும். நீளமான இடம்னா நடுவுல ஒரு ஜோடி பெட்டி தனியா நிறுத்தி டிலே (அந்தப் பெட்டிச் சத்தத்தைக் கொஞ்சம் தாமதிச்சு விடுறது) போடணும். சத்தம் ஒரு மீட்டர் போக கிட்டத்தட்ட 3 மில்லி செகண்ட் ஆகும். 50 மீட்டர்னா 146. மேல 10, 15 சேத்து வைங்க, அப்பத்தான் சத்தம் மேடையில இருந்து வர்ற மாதிரி காது நம்பும். டிலே போடாம பெட்டியை மட்டும் நிறுத்தினா பின்னாடி இருக்கிறவங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் ரெண்டு தடவை கேக்கும். "பழைய குழு, வார்த்தையே புரியல"ன்னு பழி குழு மேல விழும்.

சவுண்ட் செக் சாயங்காலம் 4 மணிக்கு, எல்லாரும் உக்காந்து. பங்குனி வெயில்ல தோல் வாத்தியம் நேரடியா காஞ்சா சுதி ஏறும், பொழுது சாஞ்சதும் இறங்கும். மேடைக்கு மேல் பந்தல் அப்பவே போட்டிருக்கணும், பந்தல்காரர்கிட்ட இதைத் தனியா சொல்லுங்க. மிக்சர்ல செட் பண்ணினதை சீன்ல சேமிக்கச் சொல்லுங்க. இடையில பொன்னாடை போத்துறதுக்குன்னு யாராவது மைக்கைத் திருகினாலும் ஒரே பட்டன்ல திரும்ப வந்துடும்.

எதிர்வரிசை:

எல்லாரும் குழுவைப் பத்தியே பேசுறீங்க. நாளைப் பாருங்கப்பா. வியாழக்கிழமை மஞ்சள் தண்ணி ஊத்தி முடிச்சதும் வெளியூர்ச் சொந்தக்காரங்க மதியமே பஸ் ஏறிடுவாங்க. திருப்பூர்ல இருந்தும் சென்னையில இருந்தும் வந்தவன் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகணும். அந்த ராத்திரி மந்தையில இருக்கிறது உள்ளூர் இளவட்டமும், மூணு நாளாத் தூங்காத கமிட்டியும்தான். அந்தக் கூட்டத்துக்கு டிஜே போதும்.

செவ்வாய்க்கிழமைதான் கூட்டம். மாப்பிள்ளை, சம்பந்தி, அத்தை, பெரியம்மா எல்லாரும் இருப்பாங்க. பழைய பாட்டைத் தலையாட்டிக் கேக்கிறதும் அவங்கதான். பட்டிமன்றத்தைத் தூக்கி வேற நாள் போட்டுட்டு, பழைய குழுவைச் செவ்வாய் ராத்திரி மேடையேத்துங்க. கடைசி நாள் பாடினாத்தான் மெயின் கச்சேரின்னு யார் எழுதி வச்சது?

புதன்கிழமை மட்டும் கச்சேரி வேணாம். முளைப்பாரி ஊர் சுத்தி வந்து கரைக்கிற வரைக்கும் பொம்பளை ஆள் ஒருத்தரும் உக்கார முடியாது, மணி ஒன்பது ஆயிடும். ஒரு மணி நேரத்துக்கு 14 பேரைக் கூப்பிடுறது வீண். அது சரி, வள்ளி திருமணத்தை 10 மணிக்கு முடிக்கப் போறீங்களா? அது வேற கதை, தனியாப் பேசுங்க.

மந்தைத்திடல்:

செவ்வாய் யோசனை கமிட்டியில எடுபடும்போல இருக்கு பங்காளி. குழுவோட பேசினோம். 14 பேர் வர்றோம், சவுண்ட் நீங்களே பாத்துக்கங்கன்னாங்க. பாட்டை ஒரு கட்டை வரைக்கும் இறக்குவோம்னு ஒளிக்காமச் சொன்னாங்க, அஞ்சு தந்தி பேஸ் இருக்காம். ரெண்டு சந்தேகம். ஒண்ணு, எழுத்துல என்ன வாங்கணும்? இன்னொண்ணு, ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ?

ரசீதுபுக்:

எழுத்தில் வாங்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஆள் பட்டியல். பாடுபவர்கள் யார், வாசிப்பவர்கள் யார், பெயரோடு. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் இந்தப் பக்கம் ஒரே ராத்திரியில் பல ஊரில் திருவிழா. ஒரே குழுப் பெயரில் இரண்டு செட் ஆள் பிரித்து அனுப்புவது வழக்கமான வேலை. முன்னணிப் பாடகர்கள் ஒரு ஊரில் எட்டு மணிக்குத் தலையைக் காட்டிவிட்டு அடுத்த ஊருக்குக் காரில் போய்விடுவார்கள். "அன்று இரவு வேறு நிகழ்ச்சி கிடையாது, இன்னார் தொடக்கம் முதல் முடிவு வரை மேடையில் இருப்பார், வர முடியாவிட்டால் இவ்வளவு தொகை கழியும்" என்று மூன்று வரி எழுதி வாங்குங்கள். அட்வான்ஸை ஒரே தடவையில் பெரிதாகக் கொடுக்காதீர்கள். முன்பதிவுக்கு ஒரு பகுதி, சவுண்ட் செக் முடிந்ததும் ஒரு பகுதி, மீதி கடைசிப் பாட்டுக்கு முன்னால் என்று பிரித்தால் இரு தரப்புக்கும் நிம்மதி. கடைசித் தொகையை மேடை இறங்கும்வரை இழுத்தடிக்கும் கமிட்டிகளும் உண்டு. அந்தப் பெயரை எடுத்தால் அடுத்த வருடம் நல்ல குழு வராது.

வீடியோ கேட்டால் யூடியூபில் மெருகேற்றிய பதிவை அனுப்புவார்கள். அது வேண்டாம். கடந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் கூட்டத்தின் நடுவிலிருந்து போனில் எடுத்த, வெட்டாத அரை மணி நேரப் பதிவு வேண்டும் என்று கேளுங்கள். பாடகர் மைக்கை வாயிலிருந்து எடுத்த பிறகும் குரல் வருகிறதா, புல்லாங்குழல்காரர் மூச்சு எடுக்கும் இடத்திலும் குழல் ஒலிக்கிறதா, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் போகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

அனுமதி விஷயம். ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களில் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் இல்லை. அதை நம்பி நிகழ்ச்சி நிரல் போடாதீர்கள். ஸ்டேஷனில் 10 என்றால் 10தான். கூம்புக் குழாயை மரத்தில் கட்ட வேண்டாம், முதல் புகார் அதில்தான் வரும். குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். பொது இடத்தின் எல்லையில் அதற்கு மேல் 10 அல்லது மொத்தம் 75, இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம். ஆக உங்களுக்கு 65. மந்தையை ஒட்டி வீடுகள் இருந்தால் பாஸ் பெட்டிகளை வீட்டுச் சுவர் பக்கம் திருப்பி வைக்காதீர்கள். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ 100 மீட்டருக்குள் இருந்தால் அது அமைதி மண்டலம், அதை மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலிருந்து வரும் உத்தரவுகளில், ஆபாசம் கூடாது, சாதியையோ அரசியல் கட்சியையோ தூக்கிப் பிடிக்கும் பாட்டு கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். பிரச்சினை வந்தால் பொறுப்பு கமிட்டிக்கு. மேடைக்குக் கீழிருந்து துண்டுச் சீட்டில் "எங்க தலைவர் பாட்டு" என்று கேட்டு அனுப்புவார்கள், கூடவே பணமும் வரும். பழைய குழு என்றால் மறுக்கத் தெரியும் என்று நினைக்காதீர்கள். பட்டியலுக்கு வெளியே ஒரு பாட்டும் இல்லை, சீட்டு மேடைக்குப் போகாமல் கமிட்டி ஆள் ஒருவர் வாங்கி வைத்துக்கொள்வார் என்று முதலிலேயே மைக்கில் அறிவித்துவிடுங்கள். மந்தையில் கலவரம் பெரும்பாலும் இந்தச் சீட்டில்தான் ஆரம்பிக்கிறது.

உபயதாரர் மரியாதை, பொன்னாடை எல்லாம் 7.30க்குள் முடிய வேண்டும். கச்சேரியின் நடுவில் இருபது பேருக்குப் பொன்னாடை போட்டால் அரை மணி நேரம் போய்விடும். அது 24 பாட்டில் ஆறு பாட்டு.

சினிமாப் பாட்டுக்கு உரிமம் என்று ஒன்று உண்டு. பலர் கண்டுகொள்வதில்லை. 2017இல் எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் இது ஊருக்கே தெரிந்த பேச்சானது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் உண்மையான மதச் சடங்கின் போக்கில் இசைப்பதற்கு விலக்கு தருகிறது. சம்பளம் கொடுத்து மேடை போட்டு நடத்தும் இரண்டே கால் மணி நேரக் கச்சேரியைச் சடங்கு என்று வாதாடுவது கஷ்டம். ஐபிஆர்எஸ் (பாட்டுக்கு உரிமம் தரும் படைப்பாளர் சங்கம்) உரிமத்தை யார் எடுப்பது, குழுவா கமிட்டியா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள். யூடியூபில் நேரலை விடுவதாக இருந்தால் கூடுதல் தலைவலி, பாதியில் ஒலி அறுந்துபோகலாம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் கேட்பார்கள்தான். சாமி புறப்பாட்டை மட்டும் நேரலையில் காட்டுங்கள்.

சேனல்32:

கரண்ட் கணக்கு. 62.5 கேவிஏ ஜெனரேட்டர்னா 0.8 பவர் ஃபேக்டர்ல 50 கிலோவாட். அதுல முக்கால் பங்குதான் ஏத்தணும், 37 சொச்சம். மேடை சவுண்டுக்கு அது தாராளம். ஆனா லைட்டையும் எல்இடி சுவரையும் கோயில் சீரியல் செட்டையும் அதுலயே மாட்டக்கூடாது. டிம்மர் போட்ட லைட் சவுண்ட் லைன்ல இருந்தா பெட்டியில "ர்ர்ர்"னு இரைச்சல் வரும், கிட்டார் பிக்கப் அதை இன்னும் இழுத்துப் போடும். சவுண்டுக்கு ஒரு வண்டி, லைட்டுக்கு ஒரு வண்டி. காசு பத்தலைன்னா ஒரே வண்டியில சவுண்டுக்குத் தனி ஃபேஸ், அதுவும் லைட்காரர்கிட்ட சண்டை போட்டாவது.

எர்த்துக்குத் தனிக் கம்பி அடிச்சுத் தண்ணி ஊத்தி வைங்க. நியூட்ரல் முடிச்சு தளர்ந்தா சிங்கிள் ஃபேஸ்ல 230 வர வேண்டிய இடத்துல 400 வரைக்கும் ஏறிடும். முதல்ல போறது கீபோர்டு அடாப்டர். சாயங்காலம் எல்லா லோடும் போட்டு ஒரு தடவை, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை, மூணு ஃபேஸையும் மீட்டர் வச்சுப் பாக்கணும். ஆன் பண்ணும்போது ஆம்ப்ளிஃபையர் கடைசி, ஆஃப் பண்ணும்போது அதுதான் முதல். வரிசை மாறினா "டம்"முனு ஒரு அடி, பெட்டி காயில் போச்சு.

ஊர்க் கரண்ட் வந்துட்டா ஜெனரேட்டரை நிறுத்தி டீசல் மிச்சம் பிடிக்கலாம்னு நடுக்கச்சேரியில யாராவது சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்புவாங்க. டிஜிட்டல் மிக்சர் திரும்ப எழுந்திரிக்க ஒரு நிமிசம் ஆகும், கீபோர்டு பேட்ச் எல்லாம் முதல்ல இருந்து. மிக்சருக்கும் கீபோர்டுக்கும் யூபிஎஸ் போட்டுடுங்க, அந்தச் சேஞ்ச் ஓவர் பெட்டிக்குப் பூட்டும் போடுங்க. இந்த லோடுக்கு மணிக்குப் பத்து லிட்டர் டீசல் பிடிக்கும். நாலு மணி சவுண்ட் செக்ல இருந்து 10 மணி வரைக்கும் அறுபது. டீசல் வாடகையில சேந்ததா தனியான்னு ஜெனரேட்டர்காரர்கிட்ட இன்னைக்கே கேட்டு எழுதிக்கங்க.

பெட்டி வண்டி செவ்வாய்க் காலையில 11க்குள்ள மந்தைக்குள்ள வந்துடணும். அப்புறம் பொங்கப் பானையோட தெரு அடைச்சுடும், லாரி ஊர் எல்லையிலதான் நிக்கும்.